பட்டப்பின் கல்வி டிப்ளோமாவா, உளவளத்துணைப் படிப்பா?

கேள்வி: எனக்கு 29 வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பட்டம் பெற்றேன். இரண்டரை வருடமாகத் தீவக வலயத்தில் படிப்பிக்கிறேன். உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) ஆள் இல்லை என்று அதிபர் அந்தப் பொறுப்பையும் என்னிடமே தந்துவிட்டார். இனிப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்வதா, உளவளத்துணையில் ஏதாவது படிப்பதா? சனி, ஞாயிறு சூமில் ஆறு மாதம் படித்தால் ‘தகைமை பெற்ற உளவளத்துணையாளர்’ ஆகலாம் என்று ஒரு விளம்பரம் வந்தது. முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா அது கனடாவிலும் உதவும் என்கிறா. அதைப் படித்தால் பிறகு வைத்தியசாலையில் உளவியலாளராக வேலை செய்ய முடியுமா? இன்னொன்று: போன கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘எனக்கு இருக்கவே பிடிக்கேல்லை ரீச்சர்’ என்று அழுதது. ஆறுதல் சொல்லி அனுப்பினேன். சரியாகச் செய்தேனா தெரியவில்லை.
தீவகத்தில் இருந்து ஓர் ஆசிரியை

அன்பின் ஆசிரியைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். படிப்பு ஒரு கிழமை பொறுக்கும், அந்தப் பிள்ளை பொறுக்காது.

இதை வாசித்த அடுத்த பாடசாலை நாளிலேயே அந்தப் பிள்ளையைத் தனியாகச் சந்தியுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “இருக்கப் பிடிக்கேல்லை எண்டு சொன்னீர். செத்துப்போகலாம் எண்ட யோசினை வந்ததோ?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று ஆசிரியர்கள் பயப்படுவதுண்டு. அப்படி நடப்பதில்லை. ஏற்கனவே எண்ணம் உள்ள பிள்ளைக்கு அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ தனியே விடவேண்டாம். அதிபருக்கும் வீட்டில் நம்பிக்கையான பெரியவர் ஒருவருக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். வீட்டில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியோ மாத்திரைகளோ இருந்தால் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. பெற்றோரோடு அங்கே அனுப்புங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பிள்ளையின் துன்பத்துக்கு வீட்டிலுள்ள ஒருவரே காரணம் என்று தெரிந்தால், வீட்டுக்குச் சொல்வதற்கு முன் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடு கதையுங்கள், அல்லது 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

நீங்கள் இருந்து கேட்டீர்கள், அது சரி. ஆறுதல் சொல்லி அனுப்பியதோடு நின்றதுதான் குறை. நல்ல உளவளத்துணைப் பயிற்சி உங்களுக்குத் தரவேண்டியதும் இந்த இடத்தில் அடுத்த படி என்னவென்று தெரிகிற கைப்பழக்கத்தைத்தான். விளம்பரத்தையும் இதை வைத்தே அளந்து பார்ப்போம்.

இலங்கையில் எந்தத் தகைமையையும் நிறுத்துப் பார்க்க ஒரு தராசு இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகம் 12 மட்டங்கள் கொண்டது. மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், உங்களுடையது போன்ற சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், குறைந்தது 20 கிரெடிட். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட். பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வோடு சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். அதில் ஆய்வு குறைந்தது 15. விரிவுரை, செய்முறை போன்றவற்றில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். ஆய்வில் ஒரு கிரெடிட் 100 மணித்தியாலம்.

இதைக் கிழமைக் கணக்காக்கினால்தான் உறைக்கும். 25 கிரெடிட் டிப்ளோமா 1250 மணித்தியாலம். ஒரு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்கு 24 மணித்தியாலம், இரண்டு வருடத்தில் என்றால் 12. 60 கிரெடிட் முதுமாணி 3750 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்குப் பரப்பினாலும் கிழமைக்கு 36. முழுநேரமாகப் படிப்பித்துக்கொண்டு, பஸ்ஸில் நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போக்கிக்கொண்டு, சனி ஞாயிறில் ரியூசனும் கொடுப்பவருக்கு இது எங்கே இடிக்கும் என்பது உங்களுக்கே விளங்கும். இடைநடுவில் நிற்கும் பலர் பாடம் கடினமென்று நிற்பதில்லை, இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கி நிற்கிறார்கள்.

விளம்பரக்காரரின் ஆறு மாதம் என்பது 26 கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூன்று மூன்று மணித்தியாலம் என்று தாராளமாக வைத்தாலும் 156 மணித்தியாலம். வீட்டில் அதேயளவு படித்தாலும் 312. சட்டகக் கணக்கில் அது ஆறு கிரெடிட் சொச்சம், பட்டப்பின் டிப்ளோமாவின் கால்வாசி. அறிமுக வகுப்பாக அது நல்லதாகவே இருக்கலாம். ‘தகைமை பெற்ற’ என்ற சொல்தான் நெருடுகிறது. இலங்கையில் ‘உளவளத்துணையாளர்’ என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டதல்ல. யாரும் பெயர்ப்பலகை போடலாம். அதனால் அந்தப் பெயரை விற்பதும் சுலபம்.

முற்பணம் கட்டமுதல் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: சான்றிதழ் சட்டகத்தின் எந்த மட்டம், வழங்குவது யார்? நேரடியாகத் துணைநாடிகளோடு, அதாவது உளவளத்துணை தேடி வருபவர்களோடு, எத்தனை மணித்தியாலம் இருக்கவேண்டும்? அதை மேற்பார்வை செய்பவர் யார், அவருடைய தகைமை என்ன? மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு என்று காட்டினால் அது நிறுவனத்தின் பதிவு. பட்டம் வழங்கும் அதிகாரம் வேறு விடயம். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் பட்டம் வழங்குவதென்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அதற்கு அங்கீகாரம் இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள், முகவரிடம் கேட்கவேண்டாம். துணைநாடி மணித்தியாலம் ‘பூச்சியம்’ என்றோ ‘பிறகு ஒழுங்கு செய்வம்’ என்றோ பதில் வந்தால் காசை வைத்திருங்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், அமெரிக்காவில் உளவளத்துணை முதுமாணிப் படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் கேக்ரெப் அமைப்பின் விதியைப் பாருங்கள். முதற்கட்டச் செயன்முறை 100 மணித்தியாலம், அதில் 40 நேரடியாகத் துணைநாடிகளோடு. பிறகு கட்டுறுபயிற்சி (இன்டர்ன்ஷிப்) 600 மணித்தியாலம், அதில் 240 நேரடி. இவ்வளவு காலமும் ஒவ்வொரு கிழமையும் தனி மேற்பார்வை, அதற்கு மேல் குழு மேற்பார்வை. எங்கள் படிப்புகள் அந்த அளவுக்கு வரவேண்டும் என்று சொல்லவில்லை. எந்த இடத்தில் கனம் வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வைத்தியசாலை உளவியலாளர் பற்றிய கேள்விக்கு விடை, இந்த வழியால் முடியாது என்பதுதான். சிகிச்சை உளவியலாளராக இலங்கை மருத்துவ சபையில் பதிவதற்கு உளவியலில் அடிப்படைப் பட்டமும் அதன்மேல் முதுதத்துவமாணி (எம்.பில்.) மட்டத்தில் வைத்தியசாலைப் பயிற்சியும் வேண்டும். தமிழ்ப் பட்டத்தின்மேல் எத்தனை உளவளத்துணை டிப்ளோமா அடுக்கினாலும் அந்தக் கதவு திறக்காது. உண்மையிலேயே அதுதான் உங்கள் எண்ணமென்றால் உளவியலில் இளமாணியில் இருந்து மீண்டும் தொடங்கவேண்டும். 29 வயதில் அது முடியாததல்ல. ஆனால் ஆறு, ஏழு வருடத்துக்குக் குறையாது.

இனி முதற் கேள்வி. நீங்கள் ஆசிரியர் சேவையில் தொடர்ந்து இருக்கப்போகிறீர்கள் என்றால் பட்டப்பின் கல்வி டிப்ளோமா முதலில். ஆசிரியர் சேவையின் விதிகளைக் கூறும் 2014இன் பிரமாணக் குறிப்பின்படி பட்டதாரி 3ஆம் வகுப்பு 1ஆம் தரத்தில் சேர்கிறார். 2ஆம் வகுப்பு 2ஆம் தரத்துக்கு ஏற இந்த டிப்ளோமா போன்ற ஆசிரியர் கல்வித் தகைமை வேண்டும். அதைப் பிற்போட்டால் சம்பளமும் பதவி உயர்வும் அப்படியே நிற்கும். உளவளத்துணை டிப்ளோமா அந்த இடத்தை நிரப்பாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்வியியல் துறை, யாழ்ப்பாணத்திலும் நிலையம் உள்ள திறந்த பல்கலைக்கழகம், மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆகிய மூன்றுமே இந்த டிப்ளோமாவை நடத்துகின்றன. உங்களைப்போலத் தூரத்தில் இருந்து வருபவருக்குத் தொலைக்கல்வி முறை வசதி. ஆனால் நாளாந்தம் ஒருவர் தட்டிக்கேட்காவிட்டால் ஒப்படைகள் குவியும். உங்கள் இயல்பு எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

டிப்ளோமாவில் கல்வித் தத்துவம், கல்விச் சமூகவியல், கல்வி உளவியல், அளவீடும் மதிப்பீடும், கற்பித்தல் முறையியல் எல்லாம் வரும். வழிகாட்டலும் உளவளத்துணையும் ஒரு பகுதியாக வரும். பரீட்சைத் தாள்கள் உங்களுக்குப் பெரிய சிரமமாக இராது. தமிழ் சிறப்புப் பட்டதாரிக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. கவனம் வேண்டியது கற்பித்தல் பயிற்சிக்கு.

அங்கே முதலில் சறுக்குவது பாடக்குறிப்பின் நோக்கம். ‘மாணவர் ஆகுபெயரை விளங்கிக்கொள்வர்’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் எதைப் பார்த்துப் புள்ளி போடுவார்? ‘தரப்பட்ட பந்தியில் உள்ள ஐந்து ஆகுபெயர்களில் நான்கையாவது இனங்கண்டு வகை கூறுவர்’ என்று எழுதினால் பாடம் முடிய நீங்களும் சரிபார்க்கலாம், அவரும் பார்க்கலாம். அடுத்தது நேரம். 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொண்டால், ஈடுபடுத்தும் கட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்று குறிப்பில் இருக்கும். வகுப்பில் அது பதினைந்தாகிவிடும், மதிப்பீட்டுக்கு மணி அடித்துவிடும். கதை சொல்லத் தெரிந்த தமிழாசிரியர்களுக்குத்தான் இந்த வியாதி கூட.

மூன்றாவது, கேள்வி கேட்டுவிட்டு நாமே பதில் சொல்வது. ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு செக்கன்தான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று செக்கனாக்கினாலே மாணவரின் பதில்கள் நீளுகின்றன, முன்பு வாய் திறக்காதவர்களும் கதைக்கிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் காட்டினார். உங்கள் பாடம் ஒன்றைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேளுங்கள். ‘விளங்கிச்சோ?’ என்று எத்தனை தரம் கேட்டீர்கள், அதற்கு ‘ஓம்’ தவிர வேறு பதில் வந்ததா என்று எண்ணுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு தவணைக்கு மூன்று பாடம் இப்படிக் கேட்டால் போதும். கேட்ட பிறகு பதிவை அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் குரல் அதில் இருக்கிறது.

உளவளத்துணைப் படிப்பு இரண்டாவது. கல்வி டிப்ளோமா முடித்த அடுத்த வருடம் தொடங்கலாம். இரண்டையும் ஒன்றாக எடுக்கவேண்டாம். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உளவளத்துணையில் டிப்ளோமா நடத்துகிறது. பல்கலைக்கழகங்களும் அவ்வப்போது விண்ணப்பம் கோருகின்றன. எங்கே என்றாலும் மேலே சொன்ன மூன்று கேள்விகளையே கேளுங்கள், பெரிய நிறுவனம் என்று விட்டுவிடவேண்டாம்.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் கெட்டதை இனங்காணலாம். முதல் மாதங்கள் மூவர் குழுவில் போகும். ஒருவர் உளவளத்துணையாளர், ஒருவர் துணைநாடி, ஒருவர் நோக்குநர். பதினைந்து நிமிடம் கதை, பத்து நிமிடம் பின்னூட்டல், பிறகு இடம் மாறவேண்டும். கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, இசைவு என்ற மூன்றையும் பாடமாக்கி ஒப்புவிக்க ஒரு மணித்தியாலம் போதும். பதினைந்து நிமிடத்துக்கு அறிவுரை சொல்லாமல் இருக்க ஆசிரியருக்குப் பல மாதம் பிடிக்கும். அதற்கு ஒரே மருந்து உரையாடற் பதிவு. சக பயிற்சியாளரோடு செய்த பத்து நிமிட உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதி, உங்கள் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் குறியுங்கள்: கேள்வி, அறிவுரை, தேற்றல், பிரதிபலிப்பு. முதற் பதிவில் கேள்வியும் அறிவுரையுமே நிறைந்திருக்கும். ‘ஏன்’ என்று தொடங்குபவற்றைச் சிவப்பால் வட்டமிடுங்கள். ‘ஏன் பள்ளிக்கூடம் வரேல்லை?’ என்று கேட்டால் பிள்ளையின் காதில் அது விசாரணை. ‘வராமல் நிண்ட அண்டைக்குக் காலமை என்ன நடந்தது?’ என்று கேட்டால் கதை வரும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான துணைநாடிகளும் மேற்பார்வையும். மேற்பார்வை என்றால் வரவுப் பதிவில் கையெழுத்து வைப்பதல்ல. உங்களைவிட அனுபவம் கூடிய ஒருவர் ஒவ்வொரு சந்திப்பையும் கேட்டு, எங்கே நழுவினீர்கள் என்று காட்டுவது. அது இல்லாத டிப்ளோமா, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் படிப்பிப்பது மாதிரி.

படிப்புத் தொடங்கமுன்னரே பாடசாலையில் சிலவற்றைத் திருத்தலாம். நீங்கள் தமிழுக்குப் புள்ளி போடுபவர். அதே பிள்ளைக்கு உளவளத்துணையாளராகவும் இருப்பது இரட்டை உறவு. கூடியவரை உங்கள் வகுப்பில் இல்லாத பிள்ளைகளை எடுங்கள். முடியாதபோது ‘இங்கே சொல்வது புள்ளிக்குப் போகாது’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டாம், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அறை, வெளியே நிற்பவர்கள் உங்களைப் பார்க்கக்கூடியதாகவும் கதையைக் கேட்க முடியாததாகவும் இருக்கட்டும். குறிப்புகள் பூட்டிய அலுமாரியில். பாடசாலை லொக் புத்தகத்தில் அல்ல. பிள்ளை வாய் திறக்கமுன் எல்லையைச் சொல்லிவிடுங்கள்: “நீர் சொல்றது எனக்குள்ளதான் இருக்கும். ஆனா உமக்கோ வேற ஆருக்குமோ ஆபத்து எண்டா, உதவக்கூடிய ஆளுக்கு நான் சொல்லவேணும். சொல்லமுதல் உமக்குச் சொல்லுவன்.” ‘ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்’ என்று சத்தியம் செய்த ஆசிரியர், துன்புறுத்தப்பட்ட பிள்ளை முன் ஒருநாள் மாட்டிக்கொள்வார்.

முதுமாணி மூன்றாவது, ஐந்து வருடம் கழித்து வந்தாலும் குறையில்லை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆய்வுக்கு ஆங்கில வினாக்கொத்தை எடுத்து மொழிபெயர்த்துக் கொடுப்பவர்கள் அதிகம். மனப்பதற்றத்துக்குப் புத்தகச் சொல்லை வைத்து ‘உமக்குப் பதகளிப்பு உண்டா?’ என்று தீவகத்தில் ஒரு தாயைக் கேட்டால் ‘அதென்ன?’ என்பார். அவருடைய சொல் ‘யோசினை’, ‘நெஞ்சுக்குள்ள பாரமாக் கிடக்கு’, ‘ஒரே தலையிடி’. கொத்தை ஒருவர் தமிழாக்க, மூலம் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடவேண்டும். பிறகு ஏழெட்டுப் பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேட்கவேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் என்றால் பல்கலைக்கழக அறநெறிக் குழு, வலயக் கல்விப் பணிப்பாளர், பெற்றோர் மூவரின் அனுமதியும் பிள்ளையின் சம்மதமும் தேவை. இதற்கே மாதக்கணக்கில் போகும். தலைப்பு யோசிக்கும்போதே விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்குங்கள். இந்த விடயத்தில் தமிழ்ப் பட்டம் உங்களுக்குப் பலம். பேச்சுவழக்கைக் கேட்டு எழுதப் பழகியவருக்கு இது பாதி முடிந்த வேலை.

அக்காவுக்கு: ஒன்ராறியோவில் ‘பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர்’ என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. அதைப் பதிவதற்கென்று ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. பெயரில் ‘கல்லூரி’ என்று வந்தாலும் அது படிப்பிக்கும் இடமல்ல. அது ஏற்கும் மட்டத்தில் கல்வி முடித்து, தற்காலிக நிலையில் பதிந்து, முழுப் பதிவுக்கு வர 450 மணித்தியால நேரடித் துணைநாடிச் சந்திப்பும் 100 மணித்தியால மேற்பார்வையும் காட்டவேண்டும். சூம் சான்றிதழை அங்கே கொண்டுபோனால் சுவரில் மாட்டலாம். கனடா எண்ணம் சற்றாவது இருந்தால், இங்கே எந்தப் படிப்பை முடித்தாலும் அன்றைக்கே மூன்றை வாங்கி வையுங்கள்: முத்திரையிட்ட பெறுபேற்றுப் பத்திரம், ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டம், செயன்முறை மற்றும் மேற்பார்வை மணித்தியாலங்களைத் தனித்தனியே குறித்து மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட கடிதம். பத்து வருடத்துக்குப் பிறகு அந்த விரிவுரையாளர் ஓய்வு பெற்றிருப்பார், கோப்பும் எங்கோ போயிருக்கும்.

கடைசியாக, கல்வி டிப்ளோமா விண்ணப்பத்தை அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பி, திகதி முத்திரை விழுந்த பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தோடு படிப்பு லீவு கேட்பதானால் பிணைமுறி கையெழுத்திடவேண்டி வரும். படிப்பு முடிந்து எத்தனை வருடம் சேவையில் இருக்கவேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்பதைக் கையெழுத்து வைக்கமுதல் வாசியுங்கள். அக்கா விசா எடுத்துத்தருவதாகச் சொல்லும் நாளில் அந்தத் தாள் ஞாபகம் வரும்.